அண்ணி திறக்காத ஃபிரிட்ஜ்

அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பக்கத்தில் இருப்பவர் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டிய அளவுக்கு இறங்கும். போன பிறகுதான் தெரியும், போயிருக்கக் கூடாது என்று.

வேலை ஒரு கண்ணாடிக்கடையில். முன்பக்கம் ஃபிரேம்களை மாட்டிப் பார்த்து, இப்படியும் அப்படியும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் யாரும் அண்ணியைப் பார்த்திருக்க மாட்டார்கள். தடுப்புக்குப் பின்னால், ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கிற அறையில், மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார். வட்டமாக வருகிற லென்ஸைச் சுழலும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்த்து, ஃபிரேமின் வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை. கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தால் ஃபிரேமுக்குள் ஆடும். குறைவாகத் தேய்ந்தால் அழுத்தும்போது ஓரம் தெறிக்கும். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை மாவு நிற்கும். கல்யாண போட்டோவிலும் நிற்கிறது.

அந்த மெஷின்தான் அண்ணியின் ஒரே ஆசை. கடை முதலாளி கம்ப்யூட்டரில் ஓடும் புது மெஷினுக்குச் சொல்லிவைத்திருந்தார். அது வந்ததும் பழையதை அண்ணிக்கே கொடுப்பதாகப் பேச்சு. சின்னக் கண்ணாடிக்கடைகள் பலவற்றில் மெஷின் கிடையாது. லென்ஸை வெளியே கொடுத்துத்தான் தேய்த்து வாங்குவார்கள். அந்த வேலையை எடுத்து வீட்டிலேயே செய்தால், யாருடைய தடுப்புக்கும் பின்னால் உட்கார வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதற்காகச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்திருந்தார்.

கல்யாணம் பேச நாங்கள் போயிருந்தபோது அண்ணனிடம் கேட்டதும் இது ஒன்றைத்தான்.

"எனக்கு ஒரு மெஷின் வாங்கணும். அதுக்குன்னு சேத்து வச்சிருக்கேன். அப்புறம் அத வச்சு எந்தப் பேச்சும் வரக் கூடாது."

அண்ணன் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு அழகாக வரும். "மெஷின்தானே? தாராளமா வாங்கு. நானே தோள்ல தூக்கிட்டு வந்து வைக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவன் பெயரே லிஃப்டுதான். "லிஃப்டு மேல இருக்கா, கீழ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் நண்பர்கள் வாசலுக்கு வருவார்கள். நல்லவன். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், யார் மீதும் கை ஓங்க மாட்டான். இதையெல்லாம் அவனே அடிக்கடி சொல்வான்.

எங்கள் வீட்டில் பழக்கம் ஒன்று உண்டு. ஒரே பை. அம்மாவின் துணிப்பை ஒன்று அலமாரியில் தொங்கும். அண்ணன் சம்பளம், பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் அவன் தம்பி நான் வாங்குகிற சம்பளம், எல்லாம் அதற்குள் போகும். யாருக்கு என்ன வேண்டுமோ கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்தக் 'கேட்டு'தான் எங்கள் வீட்டின் அரசியல் சட்டம். ஒரு புத்தகம் வாங்குவதற்கு நான் அம்மா முன்னால் நின்ற நிற்பெல்லாம் எனக்குத்தான் தெரியும். அண்ணன் மட்டும் கேட்டதில்லை. மூத்தவன். கையை விட்டு எடுத்துவிட்டு, "எடுத்திருக்கேம்மா" என்பான். அம்மாவுக்கு அதுவே பெருமையாக இருக்கும்.

கல்யாணமான முதல் வாரமே அண்ணன் சொன்னான், "இனிமே உன் காசு, என் காசுன்னு என்ன இருக்கு? ரெண்டு பேர் பேருலயும் ஒரே கணக்கா வச்சுக்குவோம்." அண்ணிக்குச் சந்தோஷம்தான். துணிப்பைக்கு பாங்குக் கணக்கு எவ்வளவோ மேல் என்றுதான் நினைத்திருப்பார். தன் சேமிப்பு மொத்தத்தையும் அதற்கு மாற்றினார். பாங்கில் செய்தி வருவதற்கு போன் நம்பர் கேட்டார்கள். அண்ணி பேனாவை எடுத்தார். "ஒரு குடும்பத்துக்கு ஒரு நம்பர் போதும்" என்று அண்ணன் தன்னுடையதைக் கொடுத்தான். அண்ணி பேனாவை மூடி வைத்தார். தப்பு அங்கேதான் நடந்தது. ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

ஆளுக்கொரு கார்டு வந்தது. அண்ணி எங்கே கார்டைத் தேய்த்தாலும் அண்ணன் சட்டைப்பையில் 'டிங்' என்றது.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். "என்ன மேடம், டீயா? எனக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?" என்று கடைக்கே போன் செய்வான். பிறகு, "காலையிலதான செருப்பு வாங்கின, மறுபடி என்ன?" பிறகு விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"மருந்துக்கடையில என்ன வாங்கின?" என்றான்.

அண்ணி சோற்றைப் பிசைந்தார்.

"இல்ல, உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டேன்."

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப மருந்துக்கடையில என்ன வேலை?"

நான் தட்டைப் பார்த்தேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "விடுடா" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. புரிந்த பிறகாவது வாயை மூடினானா? "அட, அதுவா! அதுக்கா இவ்வளவு ரகசியம்?" என்று சிரித்தான்.

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். குரல் இறங்கியிருந்தது. "அத்தை, நாளையிலேருந்து நான் எப்ப பாத்ரூம் போறேன்னும் இவருக்கு ஒரு செய்தி வர்ற மாதிரி பாங்குல கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"ஏம்மா, அக்கறையில கேட்டதுக்கு இப்படியா?" என்றாள் அம்மா.

அக்கறை. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் எத்தனை பேருடைய டப்பாவைத் திறந்திருக்கிறார்கள் என்று யோசித்தபடி கை கழுவினேன். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவுதான் வரும்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. நான் மதிய ஷிஃப்ட் முடித்து வரும்போது வாசலில் தெருவே நின்றது. கூடத்தில், என் கட்டில் கிடந்த இடத்தில், சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு வைத்த ஒரு ஃபிரிட்ஜ். சமையலறை வாசலுக்குள் நுழையவில்லையாம். நிலையில் சிவப்புப் பெயின்ட் தீற்றியிருந்தது. என் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திறந்து பிடித்திருந்தான். தெருமுனை ஜூஸ் கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "லிஃப்டையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டான்யா! எந்த மாடிக்குப்பா போகணும்?" என்றார். பிறகு தட்டுகளை இழுத்துப் பார்த்து, கொஞ்சம் பொறாமையோடு, "இது வீட்டுக்கு எதுக்கு? என் கடைக்கு ஆகும்" என்றார்.

அண்ணி வேலை முடிந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது.

"கண்ண மூடிட்டு வரச் சொல்லலாம்னு நினைச்சேன். இவங்க விட்டாத்தான? உனக்குத்தான். எப்படி இருக்கு?"

அண்ணி ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். "எந்தக் காசு?"

"நம்ம காசுதான்."

"மெஷின் காசா?"

கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்தது. ஜூஸ் கடைக்காரர் கடைசியாகப் போனார்.

"மெஷின் எங்க ஓடிடப் போகுது? பழைய சாமான். அடுத்த வருசம் வாங்கிக்கலாம். இது தள்ளுபடி, இன்னியோட முடியுது."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டு வாங்கினா அதுல என்ன இருக்கு? உன் மூஞ்சி மலரணும்னு வாங்கினேன். நீ என்னடான்னா…"

வருஷக்கணக்கில் சேர்த்த காசு ஒரு தேய்ப்பில் போயிருக்கிறது. அப்போதும் 'டிங்' என்றது அவன் சட்டைப்பையில்தான். காசின் சொந்தக்காரி அந்த நேரத்தில் யாருடைய லென்ஸையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி முகம் கழுவப் போனார். அம்மா ஃபிரிட்ஜின் தலையில் பூப்போட்ட துணி ஒன்றை விரித்தாள். அதன்மேல் கல்யாண போட்டோவை வைத்தாள்.

அன்றிலிருந்து அண்ணி அந்தக் கதவைத் தொடவில்லை. எதிரே யாரோ வேண்டாதவர் நிற்பதுபோல ஒதுங்கி நடப்பார். குளிர்ந்த தண்ணீரை அம்மா எடுத்துக் கொடுத்தால், "எனக்குப் பானைத் தண்ணியே போதும் அத்தை" என்பார். ஃபிரிட்ஜில் வைக்காததால் எல்லாவற்றையும் அவ்வப்போது வாங்க வேண்டியிருந்தது. காலையில் ஒரு பால் பாக்கெட். சாயங்காலம் ஒரு பால் பாக்கெட். சமையலுக்கு முன்னால் காய்கறி. ஒருநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

"நாலு தக்காளி" என்றார் அண்ணி. கார்டை நீட்டினார். கடைக்காரர் தேய்த்தார்.

"ரெண்டு வெங்காயம்." கார்டு.

"ஒரு கட்டு கீரை." கார்டு.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அக்கா, எல்லாத்தையும் சேத்து ஒரே தடவையா போட்டுடட்டுமா?"

"வேணாங்க. எங்க வீட்டுல ஒவ்வொண்ணுக்கும் கணக்குக் கேப்பாங்க. தனித்தனியாவே போடுங்க. பச்சை மிளகா குடுங்க."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

அண்ணன் அந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய கட்டடத்தின் வயிற்றுக்குள், லிஃப்ட் கூண்டின் தலைமேல், கைவிளக்கோடு நிற்பான். மேலேயும் இருட்டு, கீழேயும் இருட்டு. கையெல்லாம் கிரீஸ். டிங். ஆபீஸிலிருந்து அவசரமாக ஏதாவதா என்று கையைத் துடைத்து எடுத்துப் பார்த்தால், தக்காளி. திரும்ப ஸ்பேனரை எடுத்தால், டிங். வெங்காயம். ஒருநாள் அப்படி எடுக்கும்போது ஸ்பேனர் நழுவி அடித்தளம்வரை போய் விழுந்திருக்கிறது. கீழே யாரும் இல்லாதது நல்லகாலம். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாராம். உள்ளே இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் போனை அதில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகுதான் திறப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அதற்கு வைத்த பெயர், தக்காளிப் பெட்டி.

அன்று வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்தணும்னு எத்தனை நாளா திட்டம்?"

"நான் காய் வாங்கினேன்."

"ஒவ்வொண்ணா கார்டு தேய்ச்சியா இல்லையா?"

"தேய்ச்சேன். நீங்க ஒவ்வொண்ணாத்தான கேட்டீங்க?"

"நிறுத்து."

"நம்பரை மாத்துங்க. என் சம்பளத்துக்கு என் நம்பர்."

"முடியாது. இன்னிக்கு நம்பர் தனிங்கிற. நாளைக்கு அடுப்புத் தனிங்கிறதுக்கா?" பிறகு அவனுடைய வழக்கமான பாட்டு. "நான் என்ன குடிச்சேனா? சீட்டாடினேனா? உனக்குத்தானேடி வாங்கிக் குடுத்தேன்!"

அண்ணியின் குரல் தரைக்கு இறங்கியது. கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக 'நீ' என்றார்.

"என் காச எடுத்து எனக்கே குடுத்துட்டு, பரிசுன்னு சொல்றியா நீ? அதுக்குப் பேரு வேற."

"என்ன பேரு? சொல்லு. என்ன பேரு?"

அண்ணி சொல்லவில்லை. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். சுவரோரம் நகர்ந்த என் கட்டிலில், ஃபிரிட்ஜின் முதுகு என் காதில் முனகிக்கொண்டிருக்க, நான் அதை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்கள் நிறைய இருக்கின்றன அதற்கு.

அந்த வாரமே கண்ணாடிக்கடைக்குப் புது மெஷின் வந்து இறங்கியது. பழையதைக் கேட்டு இன்னொரு கடைக்காரர் வந்துவிட்டார். முதலாளி தங்கமானவர்தான், ஆனால் வியாபாரி. "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடும்மா. அதுக்கு மேல என்னால வச்சிருக்க முடியாது" என்றாராம்.

அண்ணி அதை வீட்டில் சொன்னார். கெஞ்சவில்லை, சொன்னார். "ஃபிரிட்ஜ வித்துடலாம். கொஞ்சம் நஷ்டம் வரும். பரவாயில்ல."

"வாசல் தாண்டி வந்த சாமானை வெளிய அனுப்புறதா? தெருவே கைகொட்டிச் சிரிக்கும்" என்றாள் அம்மா.

"அந்த ஓட்டை மெஷினை விட்டுத் தொலை" என்றான் அண்ணன்.

அண்ணி ஒன்றும் பேசவில்லை. குரல் இன்னும் இறங்கினால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சத்தமே இருக்காது.

மறுநாள் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை பகல்ல வீட்டுல இருப்பீங்களா?"

"சாயங்கால ஷிஃப்டுதான் அண்ணி."

"ஒரு சாமான் நகர்த்தணும்."

எந்தச் சாமான் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜூஸ் கடைக்காரர் தள்ளுவண்டியும் ஒரு ஆளுமாக வந்தார். அண்ணி லீவு போட்டிருந்தார். விலை ஏற்கெனவே பேசி முடிந்திருந்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து ஃபிரிட்ஜின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது அநியாயம்! அவன் பேர்ல பில்லு இருக்கு!"

"பில்லு அவர் பேர்ல இருக்கட்டும் அத்தை. காசு என்னுது."

"ஏங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று அம்மா கடைக்காரரைப் பிடித்தாள்.

"நான் என்னங்க சொல்றது? எனக்கு வெயில் காலம் வருது" என்றார் அவர்.

அம்மா போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப அடித்தாள். "எடுக்க மாட்டேங்கிறானே, எடுக்க மாட்டேங்கிறானே!"

"எடுக்க மாட்டாரு அத்தை. போன் தக்காளிப் பெட்டியில இருக்கும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "டேய், நீயும் பாத்துட்டு நிக்கிறியா?"

நான் நிற்கவில்லை. போட்டோவை எடுத்து ஜன்னலில் வைத்தேன். பூத்துணியை மடித்து அம்மா கையில் கொடுத்தேன். பிறகு ஃபிரிட்ஜின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன்.

கடைக்காரர் வாசலில் நின்றே போனில் அந்தக் கூட்டுக் கணக்குக்குக் காசு அனுப்பினார். அண்ணி நேரே கண்ணாடிக்கடைக்குப் போய்க் கார்டைத் தேய்த்து அதை அப்படியே முதலாளிக்குக் கட்டினார். குறைகிற பணத்துக்கு ஈடாக, லீவு நாட்களில் வந்து புது மெஷினை ஓட்டிக் கொடுப்பதாகப் பேச்சு. அதே தள்ளுவண்டி திரும்பி வரும்போது பழைய மெஷினை ஏற்றி வந்தது. பார்க்கச் சின்னதுதான், ஆனால் கனம். கூடத்தில் ஃபிரிட்ஜ் நின்ற சதுரம் மட்டும் தரையில் பளிச்சென்று இருந்தது. அங்கே ஒரு மரமேசையைப் போட்டிருந்தார் அண்ணி.

"மேசையிலேயே ஏத்திடலாமே அண்ணி, ஆள் இருக்கும்போதே" என்றேன்.

"வேணாம். கீழயே வைங்க. ஏத்துறதுக்கு ஆள் வரும்."

அன்று நான் ஷிஃப்டுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று போன் செய்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணன் வந்தான். பெட்டி திறந்ததும் எல்லாச் செய்தியும் வரிசையாக வந்து விழுந்திருக்கும். பெரிய தொகை ஒன்று வரவு, பின்னாலேயே அதே அளவுக்கு ஒன்று செலவு, அம்மாவின் அழைப்புகள். படியேறும்போதே மூச்சிரைத்தது. கூடத்தைப் பார்த்தான். சதுரத்தைப் பார்த்தான். தரையில் இருந்த மெஷினைப் பார்த்தான். அம்மா பூத்துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரைக் கேட்டு வித்த?" கத்தினான். மாடிவீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"செய்தி வந்திருக்குமே" என்றார் அண்ணி.

"முன்னாடியே சொல்லணும்டி!"

"சொல்லிட்டு வாங்கினா அதுல என்ன இருக்கு?"

அவன் உதவிக்கு அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. வாழ்க்கையில் முதல்முறை என்று நினைக்கிறேன்.

அண்ணி மேசையின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். குரல் அவ்வளவு தணிவாக இருந்தது, அவன் ஒரு அடி கிட்டே வர வேண்டியிருந்தது.

"திங்கக்கிழமை பாங்குக்குப் போறோம். என் சம்பளம் என் கணக்குல, என் நம்பர்ல. வீட்டுச் செலவுக்கு ரெண்டு பேரும் சமமாப் போடலாம், அதுக்கு இந்தக் கணக்கு இருக்கட்டும். வரலைன்னா நான் மட்டும் போறேன். அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? நானே தோள்ல தூக்கிட்டு வந்து வைக்கிறேன்னு."

அண்ணன் போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"வாசல் வரைக்கும் மத்தவங்க தூக்கிட்டு வந்துட்டாங்க. மேசை வரைக்கும் நீங்க தூக்குங்க."

நான் உதவிக்கு எழுந்தேன். "நீங்க உக்காருங்க தம்பி" என்றார்.

வாசல் பக்கம் திரும்பினான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். பிறகு போனை ஜன்னலில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்துவிட்டுக் குனிந்தான். கோபத்தில் தூக்கினான், கோபத்தில் வைத்தான். மேசை ஆடியது. கிரீஸ் கையின் தடம் மெஷினின் பக்கவாட்டில் கறுப்பாகப் பதிந்தது. கையை உதறிக்கொண்டு நகரப்போனான்.

அண்ணி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, லென்ஸைப் பார்ப்பதுபோல மேசையின் ஓரத்தைப் பார்த்தார்.

"கோணலா இருக்கு" என்றார். "இன்னும் கொஞ்சம் செவுத்துப் பக்கம் தள்ளுங்க."